ரெபெக்கா பூனின் தாய் யார்? எல்லைப்புறப் பெண்ணின் குடிவழியைத் தேடும் முறை

18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் குடிவழியைத் தேடுபவர், அவரைச் சூழ்ந்திருந்த ஆண்களின் ஆவணங்களிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கென்டக்கி முன்னோடி டேனியல் பூனின் மனைவி ரெபெக்கா பிரையன் 1739-இல் பிறந்து, 1756-இல் வட கரோலைனாவில் மணமுடித்து, பத்துப் பிள்ளைகளைப் பெற்று, 1813-இல் மிசூரியில் மறைந்தார். நாடு தழுவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கினாலும் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. கணவருக்கு ஏழாண்டு முன்பே இறந்த ரெபெக்கா, கைம்பெண்ணாகக்கூட அந்தப் பட்டியலில் ஏற வழியில்லாமல் போயிற்று.

முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். வட கரோலைனாவின் யாட்கின் ஆற்றோரம் பிரையன் குடும்பத்தார் குடியேறிய நிலம் இன்று டேவி கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இருக்கிறது. ஆனால் டேவி 1836-இல்தான் ரோவனிலிருந்து பிரிந்தது, ரோவன் 1753-இல் ஆன்சனிலிருந்து பிரிந்தது. இன்றைய வரைபடத்தை நம்பி டேவியில் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். அக்காலத்துப் பதிவுகளுக்கு ரோவன் ஆவணங்களையே பார்க்க வேண்டும்.

அடுத்து நிலக் கிரயப் பத்திரங்களைப் படியுங்கள். கணவர் இறந்தால் அவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்ததால், வாங்குபவர்கள் அவள் அந்த உரிமையைத் துறந்ததற்கான பதிவைக் கேட்டார்கள். பல இடங்களில் அவளைக் கணவரிடமிருந்து தனியே அழைத்து, மனமொப்பித்தான் சம்மதிக்கிறாளா என்று விசாரித்து எழுதினார்கள். பிறந்த வீட்டுப் பெயர் அதில் பெரும்பாலும் இராது. ஆயினும் ஒருவரின் இரண்டு பத்திரங்களில் மனைவியின் பெயர் மாறியிருந்தால், இடையில் மறுமணம் நடந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்குப் பிறந்தது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

வட கரோலைனாவின் திருமணப் பிணைப் பத்திரங்களில், அதாவது மணத்துக்குச் சட்டத் தடையில்லை என்று உறுதியளித்து எழுதிக்கொடுத்த பத்திரங்களில், மணமகனோடு கையெழுத்திட்ட பிணையாளரையும் விடாதீர்கள். பல வேளைகளில் அவர் மணமகளின் தந்தையோ சகோதரரோ ஆவார். விடுதலைப் போர் வீரரின் கைம்பெண் என்றால், 1836, 1838 சட்டங்களின்படி அளிக்கப்பட்ட ஓய்வூதிய விண்ணப்பங்கள் பெரும் புதையல். திருமணத்தை நிறுவுவதற்காகக் குடும்ப பைபிளிலிருந்து கிழித்து இணைத்த தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகக் கோப்புகளில் இருக்கின்றன.

இனி ரெபெக்காவின் தாய். தந்தை ஜோசப் பிரையன் என்பதில் ஐயமில்லை. தாயைச் சில குடிவழிப் பட்டியல்கள் ஹெஸ்டர் ஹாம்ப்டன் என்றும், வேறு சில லின்வில் குடும்பத்துப் பெண் என்றும் கூறுகின்றன. ஒரே தகவலை நூறு பட்டியல்கள் படியெடுத்திருந்தாலும் அது ஒரே ஒரு சான்றாகத்தான் கணக்காகும். ரெபெக்காவின் மகன் நேத்தனை 1851-இல் வரலாற்றுச் சேகரிப்பாளர் லைமன் டிரேப்பர் நேரில் கண்டு எழுதிய குறிப்புகள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. மகனின் நினைவாயினும், அதையும் உயில்களோடும் பத்திரங்களோடும் ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

தாள்கள் தீர்க்காத இடத்தில் தாய்வழி மரபணு உதவலாம். அது தாயிடமிருந்து மகளுக்கு ஏறத்தாழ மாறாமல் செல்வதால், ரெபெக்காவின் மகள்வழி மகள்களாக இடையறாமல் வந்த ஒருவரின் சோதனையை, அதே முறையில் ஹாம்ப்டன், லின்வில் குடும்பப் பெண்களிடமிருந்து வந்தவர்களின் சோதனையோடு ஒப்பிடலாம். அதுவரை குடிவழி வரைபடத்தில் தாயின் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, இரு பெயர்களையும் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.