ஜம்போ கிட்டார் வாங்கினவங்களுக்கு: ட்ரஸ் ராட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்

கிப்சன் கம்பெனியோட எஸ்ஜே-200ங்கற ஜம்போ (பெரிய உடம்பு) கிட்டார் என் கைக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. அமெரிக்காவுலேர்ந்து மச்சான் வரும்போது கூடவே எடுத்துட்டு வந்தார். காலேஜ் நாள்லேர்ந்து ஆசைப்பட்ட கிட்டார், பல வருஷ சேமிப்பு, ஆனா முதல் வருஷம் முழுக்க அத நிம்மதியா வாசிக்க முடியல. எங்க தப்பு பண்ணேன், இப்ப எப்படி வச்சிருக்கேன்னு வரிசையா எழுதறேன். ட்ரஸ் ராட்ங்கறது கழுத்தோட வளைவ சரி பண்ண கழுத்துக்குள்ள வச்சிருக்கற இரும்புத் தண்டு. ட்யூன் பண்றது, ஓப்பன் கார்ட் பிடிக்கறது எல்லாம் தெரியும்னு எடுத்துக்கறேன், அதுக்குள்ள போகல.

மொதல்ல இந்த கிட்டார் எந்த ஊர் ஆளுன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா பிரச்சனை எல்லாம் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது. 1937ல ஹாலிவுட் படங்கள்ல பாடற கௌபாயா நடிச்ச ரே விட்லிக்காக கிப்சன் ஸ்பெஷலா ஒரு பெரிய கிட்டார் செஞ்சாங்க. அடுத்த வருஷம் அது சூப்பர் ஜம்போன்னு (சுருக்கமா எஸ்ஜே) விற்பனைக்கு வந்துச்சு. 200ங்கறது அப்போதைய விலை, 200 டாலர். கீழ்ப்பக்க அகலம் 17 இன்ச், நாம சாதாரணமா பாக்கற ட்ரெட்நாட் வடிவ கிட்டார் பதினஞ்சரைக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். இடுப்பு மட்டும் நல்லா ஒடுங்கி இருக்கும். 1989லேர்ந்து இது அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல போஸ்மன்ங்கற ஊர்ல தயாராகுது. மலைங்களுக்கு நடுவுல, உயரத்துல இருக்கற வறண்ட ஊர். நான் இருக்கறது திருவான்மியூர், ரெண்டு தெரு தாண்டினா கடல். அங்க ஒட்டின மரம் இங்க வந்து தண்ணிய குடிச்சு உப்பும். பெரிய டாப் (முன்பக்க பலகை), மெல்லிசான ஸ்ப்ரூஸ் மரம், அதனால சின்ன கிட்டார விட இதுல வித்தியாசம் சீக்கிரம் கண்ணுக்கு தெரியும்.

ஸ்டெப் 1: வந்த அன்னிக்கே அளந்து எழுதி வைங்க

நான் செய்யாம விட்டது இதத்தான். ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, ரூம்ல ஈரப்பதம் எவ்ளோ, 12ம் ஃப்ரெட்ல தடி ஈ கம்பிக்கும் மெல்லிசு ஈ கம்பிக்கும் ஃப்ரெட்லேர்ந்து எவ்ளோ உயரம் (இதத்தான் ஆக்‌ஷன்னு சொல்றது), கழுத்துல ரிலீஃப், அதாவது லேசான முன்வளைவு எவ்ளோ (அளக்கற விதம் ஸ்டெப் 4ல). நாலு நம்பர். கூடவே பிரிட்ஜுக்கு (டாப் மேல கம்பி மாட்டற கட்டை) பின்னாடி டாப் மேல ஸ்டீல் ஸ்கேல குறுக்க வச்சு பக்கவாட்டுலேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. டாப் லேசா மேடா இருக்கறது சகஜம், அப்படித்தான் செய்யறாங்க. ஆனா எவ்ளோ மேடு உங்க கிட்டாருக்கு சகஜம்னு இந்த போட்டோ இல்லாம பின்னாடி தெரியவே தெரியாது.

அளக்கறதுக்கு கிட்டார் கடை டூல் தேவையில்ல. அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணு, அப்புறம் பைக் மெக்கானிக்குங்க டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ண வச்சிருப்பாங்களே ஃபில்லர் கேஜ் (கனம் எழுதின மெல்லிசு தகடுங்க), அது ஒண்ணு. நான் ஜி.பி. ரோட்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடைல வாங்கினேன், அதையேதான் இன்னிக்கும் வச்சிருக்கேன்.

ஸ்டெப் 2: ஈரப்பத மீட்டர், உப்பு டெஸ்ட்

டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது. ஆனா அது காட்டற நம்பர அப்படியே நம்பாதீங்க. ஒரு பாட்டில் மூடில சமையல் உப்பு, அது மேல சொட்டு சொட்டா தண்ணி விட்டு ஈர மணல் மாதிரி ஆக்குங்க, கரைஞ்சு போகக்கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு நல்லா மூடி ஒரு ராத்திரி விடுங்க. காலைல 75 காட்டணும். என்னோடது 67 காட்டுச்சு, அதாவது 8 கம்மி. அத ஒரு ஸ்டிக்கர்ல எழுதி மீட்டர் பின்னாடி ஒட்டி வச்சிருக்கேன்.

நமக்கு வேண்டிய ஈரப்பதம் 45லேர்ந்து 55 சதவீதம். மழைக்காலத்துல என் ஹால்ல 80 சாதாரணமா வரும்.

ஸ்டெப் 3: பெட்டிக்குள்ள காய வைக்கறது

கிட்டார் செவுத்துல மாட்டினா அழகாத்தான் இருக்கும், ஆனா கடலோர ஊர்ல வேண்டாம். ஹார்ட் கேஸ்ல வைங்க, மீட்டரையும் உள்ளயே போடுங்க. ராத்திரி ஏசி ஓடற ரூம்ல வெளில வச்சா போதாதான்னு நிறைய பேர் நினைக்கறாங்க, நானும் அப்படித்தான் வச்சிருந்தேன். ராத்திரி 50க்கு இறங்கி பகல்ல 75க்கு ஏறும், தினமும் இப்படி ஏறி இறங்கறது மரத்துக்கு நல்லதில்ல.

ரெண்டு பக்கமும் வேலை செய்யற (ஈரம் கூடினா இழுக்கும், குறைஞ்சா விடும்) ஈரப்பத பாக்கெட் விக்கறாங்க, 49 சதவீதத்துல நிறுத்தி வைக்கும்னு போட்டிருக்கும். நல்ல பொருள்தான், ஆனா சென்னைல அத மட்டும் நம்பினா ஒரு மாசத்துல பாக்கெட் தண்ணி குடிச்சு உப்பிடும், அதுக்கு மேல இழுக்காது. என் வழி என்னன்னா மொதல்ல சிலிக்கா ஜெல் போட்டு இறக்கறது, அப்புறம் பாக்கெட் போட்டு நிறுத்தறது. 200 கிராம் சிலிக்கா ஜெல்ல துணிப்பைல கட்டி ஹெட்ஸ்டாக் (கழுத்து நுனில ட்யூன் பண்ற தலைப்பகுதி) பக்கத்துல காலியா இருக்கற இடத்துல வைங்க, மரத்துல நேரா படக்கூடாது. நிறம் மாறினா ஓவன்ல 120 டிகிரில ரெண்டு மணி நேரம் வச்சா திரும்ப பழைய நிலைக்கு வந்துடும். முக்கியமா தினம் ஒரு தடவ மீட்டர் பாருங்க. 50 வந்ததும் சிலிக்காவ எடுத்துடணும், விட்டா 35க்கு கூட போகும், அதுவும் ஆபத்து.

ஸ்டெப் 4: ஆக்‌ஷன் ஏறிடுச்சா? இங்கதான் நான் விழுந்தேன்

பிப்ரவரில வந்த கிட்டார். நவம்பர் மழைல பார்த்தா கம்பி எல்லாம் மேல போயிருச்சு, எஃப் பார் கார்ட் பிடிச்சா விரல் வலி உயிர் போகுது. 12ம் ஃப்ரெட்ல 2.4 மிமீ இருந்திருக்க வேண்டியது 3.1. கம்பி உயரமா இருந்தா ட்ரஸ் ராட்ட டைட் பண்ணுன்னு எங்கயோ கேட்டது ஞாபகம் வந்து, ஹெட்ஸ்டாக் மேல இருக்கற மணி வடிவ மூடிய கழட்டி 5/16 இன்ச் ஸ்பேனர் போட்டு அரை சுத்து திருப்பிட்டேன். அரை சுத்து ரொம்ப அதிகம், அப்ப தெரியாது. முதல் நாலு ஃப்ரெட்லயும் கம்பி நறநறன்னு அடிக்க ஆரம்பிச்சுது, ஆனா 12ல இன்னும் 3 மிமீ.

பயந்து ஒரு கடைக்கு எடுத்துட்டு போனேன். அங்க ட்ரஸ் ராட்ட பழையபடி வச்சுட்டு, ஈரப்பதம் என்னன்னு ஒரு வார்த்தை கேக்காம சாடில (பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற பட்டைய) தேச்சு உயரத்த குறைச்சு குடுத்தாங்க. ரெண்டு மாசம் சூப்பரா இருந்துச்சு. அப்புறம் நான் சிலிக்கா போட ஆரம்பிச்சதும் உப்பியிருந்த டாப் இறங்கிச்சு, கூடவே பிரிட்ஜும் இறங்கிச்சு, இப்ப 12க்கு மேல எந்த ஃப்ரெட்ல வாசிச்சாலும் ஒரே நறநற. புதுசா எலும்பு சாடில் செஞ்சு போட வேண்டியதாயிடுச்சு. அந்த சாடில் போட்டு ஈரப்பதம் 50ல நின்னதும் ஆக்‌ஷன் தானா 2.5க்கு வந்து உக்காந்துச்சு. நவம்பர்லயே மூணு வாரம் காய வச்சிருந்தா ஸ்பேனரும் தேவையில்ல, சாடில் செலவும் இல்ல.

ட்ரஸ் ராட் இருக்கறது கழுத்தோட வளைவுக்கு மட்டும். கம்பி உயரத்துக்கு இல்ல. இத புரிஞ்சுக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அதனால இந்த வரிசைல பாருங்க.

மொதல்ல ஈரப்பதம். 60க்கு மேல இருந்தா எதையும் தொடாதீங்க, ஸ்டெப் 3க்கு திரும்ப போங்க, குறைஞ்சது மூணு வாரம்.

அடுத்தது ரிலீஃப். ட்யூன்ல வச்சுட்டு முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பிய அழுத்திப் பிடிக்கற கிளிப்) போடுங்க, கழுத்து உடம்போட சேர்ற 14ம் ஃப்ரெட்ல தடி ஈ கம்பிய அழுத்துங்க. இப்ப கம்பியே நேர்கோடு. ஆறாவது ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஃபில்லர் கேஜ நுழைச்சு பாருங்க. 0.15லேர்ந்து 0.25 மிமீ இருந்தா கழுத்து சரியா இருக்கு, ஸ்பேனர திரும்ப டூல் பெட்டில வைங்க. அதுக்கு மேல இருந்தா மட்டும் நடு கம்பி ரெண்டையும் தளர்த்திட்டு, ஹெட்ஸ்டாக் பக்கத்துலேர்ந்து பார்க்கும்போது கடிகார திசைல எட்டுல ஒரு பங்கு சுத்து. திரும்ப ட்யூன், திரும்ப அளவு, ஒரு நாள் விட்டு இன்னொரு தடவ அளவு. திரும்ப மாட்டேங்குதுன்னா பலம் குடுக்காதீங்க, தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க. உள்ள ராட் போச்சுன்னா பெரிய வேலை.

கடைசியாத்தான் ஆக்‌ஷன். கேப்போ எடுத்துட்டு 12ல அளங்க. என் கைக்கு தடி ஈ 2.4, மெல்லிசு ஈ 1.8. ஈரப்பதம் ஒரு மாசமா 50ல நிக்குது, ரிலீஃபும் சரி, அப்பவும் உயரமா இருந்தா அப்பதான் சாடில். 12ல அரை மிமீ குறையணும்னா சாடில்ல ஒரு மிமீ தேய்க்கணும், ரெண்டு மடங்கு கணக்கு. பழச தேய்க்காதீங்க, புதுசு ஒண்ணு செய்ய சொல்லுங்க, பழைய சாடில பத்திரமா கேஸ்ல போட்டு வைங்க.

ஸ்டெப் 5: கம்பி மாத்தறது

12-53 லைட் செட் (மெல்லிசு கம்பி 0.012 இன்ச், தடி கம்பி 0.053 இன்ச்) போதும். பெரிய கிட்டார் தானேன்னு 13-56 போட்டு பார்த்தேன், சத்தம் கொஞ்சம் கூடிச்சு, ஆனா டாப் மேல இழுவையும் கூடும், நம்ம ஊர் ஈரத்துக்கு அது தேவையில்லாத சுமை. கோட்டிங் இருக்கற கம்பி விலை ரெண்டு மூணு மடங்குதான், ஆனா உப்பு காத்துக்கும் வேர்வைக்கும் சாதா பாஸ்பர் பிரான்ஸ் கம்பி எனக்கு ரெண்டே வாரத்துல கறுத்துடுது, கோட்டிங் போட்டது மூணு மாசம் தாராளமா வருது. எலிக்ஸர் நானோவெப்தான் என் சாய்ஸ்.

பிரிட்ஜ் பின் (கம்பி முனைய பிரிட்ஜ்ல பிடிச்சு வைக்கற ஆணி) மேல எகிறி வர்றது எல்லாருக்கும் நடக்கும். கம்பி முனைல இருக்கற குண்டு பின்னோட நுனில உக்காந்துடுது, டைட் பண்ணும்போது பின்ன தள்ளிவிடும். கம்பி முனைய குண்டுக்கு பக்கத்துல லேசா வளைச்சு உள்ள விடுங்க, பின்ன பாதி அழுத்திட்டே கம்பிய மேல இழுங்க, குண்டு பிரிட்ஜுக்கு அடில போய் தட்டி நிக்கறது கைக்கு தெரியும். அப்புறம்தான் பின்ன முழுசா அழுத்தணும்.

ஸ்டெப் 6: பாலீஷ் பத்திரம்

இந்த கிட்டார் மேல இருக்கற பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். ரப்பர், வினைல் ரெண்டும் இதுக்கு விஷம் மாதிரி. சாதா ஸ்டாண்டோட ரப்பர் நாளாக நாளாக லாக்கரோட ஒட்டி தடம் விட்டுடும். ஸ்டாண்ட்ல பழைய காட்டன் வேட்டிய சுத்தி வைங்க. கேப்போவ கழுத்துல மாட்டினபடியே விட்டுடாதீங்க. கொசு கிரீம் தடவின கையோட தொடவே கூடாது, டீட்ங்கற கெமிக்கல் இருக்கற ரகம் லாக்கர கரைச்சிடும். சானிடைசரும் அப்படித்தான். மே மாசம் கார்ல வச்சு பூட்டிட்டு போனா சூட்டுல ஒட்டின பசை இளகும், அதுவும் வேண்டாம்.

ஸ்டெப் 7: உக்காந்து வாசிக்கறது

17 இன்ச் உடம்ப வலது தொடைல வச்சு வாசிச்சா வலது தோள் காதுக்கு ஏறிடும். அரை மணி நேரத்துல கழுத்து வலி. நான் உக்காந்தாலும் ஸ்ட்ராப் போட்டுதான் வாசிக்கறேன், இடுப்பு ஒடுங்கலா இருக்கறதால கிட்டார் தொடைல தாழ உக்காரும், ஸ்ட்ராப் அத கொஞ்சம் தூக்கி குடுக்கும். வலது கை முன்பாகம் டாப் ஓரத்துல அழுந்தி விரல் மரத்து போச்சுன்னா கைய இன்னும் கொஞ்சம் பின்னாடி, முழங்கை பக்கமா வைங்க.

பிக் 0.73 மிமீ. மேப்பிள் உடம்புங்கறதால சத்தம் எழும்பி சீக்கிரம் அடங்கும், கார்ட் மாறும்போது ஒண்ணோட ஒண்ணு கலங்காது. பாட்டுக்கு பின்னாடி ஸ்ட்ரம் பண்ண இத விட நல்ல கிட்டார் நான் வாசிச்சதில்ல. ஓங்கி அடிச்சாலும் தாங்கும், ஆனா மொதல் மாசம் மெதுவா அடிச்சு பழகுங்க, இதோட அடிக்குரல் அப்பதான் கேக்கும்.

அப்டேட்: கமெண்ட்ல ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு இருக்கே, ஏர்போர்ட்ல பிரச்சனை வராதான்னு கேட்டிருந்தாங்க. 2017லேர்ந்து ரோஸ்வுட்டுக்கு சைட்டிஸ் (அழியற நிலைல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பர்மிட் தேவைப்பட்டுச்சு, 2019 நவம்பர்லேர்ந்து செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு குடுத்துட்டாங்க. பிரேசில் ரோஸ்வுட் இருக்கற பழைய கிட்டாருக்கு இந்த விலக்கு இல்ல, அத வாங்கறவங்க ஜாக்கிரதை. இந்திய ரோஸ்வுட்ங்கறது வேற எதுவும் இல்ல, நம்ம ஈட்டி மரம், தோதகத்தின்னும் சொல்லுவோம். மேற்குத்தொடர்ச்சி மலைல வளர்ற மரம் உலகம் முழுக்க கிட்டார்ல இருக்குன்னு நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

இன்னொரு அப்டேட்: டொரான்டோலேர்ந்து ஒருத்தர் எழுதியிருந்தார், அவருக்கு ஜனவரில ஆக்‌ஷன் இறங்கி நறநறன்னு அடிக்குது, ஃப்ரெட் முனை கைய கிழிக்குதுன்னு. அது நமக்கு நேர் எதிர். ஹீட்டர் போட்ட வீட்ல ஈரப்பதம் 20க்கு கூட போகும், டாப் உள்வாங்கும், ஃபிங்கர்போர்டு சுருங்கி ஃப்ரெட் வெளிய நீட்டும், அப்படியே விட்டா வெடிப்பு விழும். அவங்களுக்கு சிலிக்கா கூடவே கூடாது, ஈரம் குடுக்கற பாக்கெட் வேணும், சவுண்ட் ஹோல்ல ரெண்டு, ஹெட்ஸ்டாக் கிட்ட ஒண்ணு. அங்கயும் வரிசை அதேதான், மீட்டர் மொதல்ல, ஸ்பேனர் கடைசில.

நேத்து நான் அளந்தது: ஈரப்பதம் 51, ரிலீஃப் 0.20, தடி ஈ 2.4, மெல்லிசு ஈ 1.8. வெளில நல்ல மழை.