ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க: வேலூர், ராணிப்பேட்டை பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வாலாஜாவில் எங்கள் தெருவிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். அதனால் ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் வந்ததும் யாராவது ஒருவர் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "அக்கா, எப்படிப் போனீங்க? எவ்வளவு ஆச்சு? எந்த ஏஜென்ட்?" இத்தனை நாள் போனில் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் சிவில் முடித்துவிட்டு ட்ரெஸ்டனில் நீர் சம்பந்தமான மாஸ்டர்ஸ் படித்தேன். ஆகவே இது ஜெர்மனிக்கு, அதுவும் மாஸ்டர்ஸுக்கான வழி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் தவறவிடுவது மார்க்கில் இல்லை, வரிசையில். எந்தக் காகிதம் கைக்கு வர நாளாகுமோ அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். எல்லோரும் யுனிவர்சிட்டி லிஸ்ட் போடுவதில் தொடங்குகிறார்கள். நான் பெயரில் தொடங்கச் சொல்வேன். அக்டோபரில் வகுப்பு தொடங்கும் என்றால் அதற்கு முந்தைய வருஷம் ஆகஸ்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

படி 1: பெயரைச் சரிசெய்யுங்கள்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'மு. கார்த்திக்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே 'கார்த்திக்' ஒரு கட்டத்திலும் 'முருகன்' இன்னொரு கட்டத்திலும் போகும். சிலர் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடுவார்கள். அப்படி வாங்கிய பாஸ்போர்ட்டும் செல்லும். ஆனால் வெளிநாட்டு ஆன்லைன் ஃபாரம் ஒவ்வொன்றும் சர்நேம் கேட்டு நிற்கும். இனிமேல்தான் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போடுங்கள். அப்புறம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம், வங்கி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும்.

இனிஷியலுக்கும் விரித்த பெயருக்கும் உள்ள வேறுபாட்டை, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கிச் சமாளிக்கலாம். எழுத்துப் பிழை அப்படியில்லை, அதைத் திருத்தியே ஆக வேண்டும். என் டிகிரி சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. நாலு வருஷம் அதை நானும் கவனிக்கவில்லை, கல்லூரியிலும் கவனிக்கவில்லை. திருத்தி வாங்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் நான் ஆசைப்பட்ட ஒரு படிப்புக்குக் கடைசித் தேதி முடிந்துபோனது. இப்போதும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பி வைத்து, பெயரையும் அப்பா பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டுக்குச் சென்னை வரை போக வேண்டாம், வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் பிறப்புச் சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்றும் இப்போதைய முகவரியில் ராணிப்பேட்டை அல்லது திருப்பத்தூர் என்றும் இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பிறந்த இடம் சான்றிதழில் இருப்பது போலவே இருக்கட்டும், முகவரி இன்றைய மாவட்டப்படி இருக்கட்டும்.

படி 2: உங்கள் மார்க் ஜெர்மன் கணக்கில் எவ்வளவு?

அங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ். நம் சிஜிபிஏவை மாற்றுவதற்கு பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று உண்டு. அதிகபட்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழியுங்கள். அதிகபட்சத்திலிருந்து பாஸ் மார்க்கைக் கழியுங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள்.

உங்கள் சிஜிபிஏ 7.8, உச்சம் 10, பாஸ் 5 என்று வைத்துக்கொள்வோம். 2.2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.44. மூன்றால் பெருக்கினால் 1.32. ஒன்று கூட்டினால் 2.32. அதே 7.8-க்கு பாஸ் கிரேடு 6 என்று இருந்தால் விடை 2.65 ஆகிவிடும். பல படிப்புகளில் 2.5-க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரே மார்க், ஒரு கணக்கில் உள்ளே, இன்னொரு கணக்கில் வெளியே! உங்கள் ரெகுலேஷனில் குறைந்தபட்ச பாஸ் கிரேடு எத்தனை என்பதை மார்க் ஷீட்டின் பின்பக்கம் பார்த்து உறுதி செய்துகொண்டு கணக்குப் போடுங்கள்.

ப்ளஸ் டூ முடித்ததும் நேராக அங்கே இளங்கலை சேர முடியுமா என்றும் கேட்கிறார்கள். வெறும் ப்ளஸ் டூ போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே டிகிரியில் முதல் வருஷம் முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஸ்டூடியன்கோலெக் என்னும் ஆயத்த வகுப்பு படிக்க வேண்டும். என்னைக் கேட்டால் டிகிரியை இங்கே முடித்துவிட்டுப் போவதே வீட்டுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

படி 3: படிப்பைத் தேடுங்கள், நீங்களே

டாட் என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் இன்டர்நேஷனல் ப்ரோகிராம்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. இலவசம்தான். ஆங்கிலத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் என்று வடிகட்டி, கட்டணம், கடைசித் தேதி, மொழித் தகுதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எட்டுப் பத்துப் படிப்பு போதும்.

அரசு யுனிவர்சிட்டிகள் பலவற்றில் டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும் கட்ட வேண்டும். நான் அப்படித்தான் படித்தேன். ஆனால் 'ஜெர்மனியில் எல்லாமே இலவசம்' என்பது சரியல்ல. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். வேலூரில் ஓர் அலுவலகத்தில் நானும் பணம் கட்டினேன். அவர்கள் கொடுத்த லிஸ்டில் இருந்த ஐந்தும் தனியார் கல்லூரிகள், லட்சக்கணக்கில் ஃபீஸ். அரசு யுனிவர்சிட்டி பெயர் ஒன்றுகூட இல்லை. ஏனென்று பிறகுதான் புரிந்தது: மாணவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் தனியாரிடம்தான் கிடைக்கும். ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

உங்கள் டிகிரி அங்கே செல்லுமா என்று பார்க்க அனாபின் என்ற தளம் இருக்கிறது. அதில் கல்லூரிப் பெயரைத் தேடாதீர்கள். அஃபிலியேட்டட் கல்லூரியில் படித்தவர்கள் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும், அண்ணா பல்கலைக்கழகம், திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்று. பெயருக்கு நேரே எச் ப்ளஸ், அதாவது அங்கே அங்கீகாரம் உண்டு என்று இருந்தால் நல்லது.

படி 4: ஏபிஎஸ், ஐஇஎல்டிஎஸ்

உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று டெல்லியில் உள்ள ஏபிஎஸ் அலுவலகம் சரிபார்த்துச் சான்று தரும். 2022 நவம்பர் முதல் இது இல்லாமல் ஸ்டூடன்ட் விசா கிடையாது. கட்டணம் 18,000 ரூபாய். வாரக்கணக்கில் ஆகும், சீசனில் இன்னும் இழுக்கும். அதனால் டிகிரி கையில் கிடைத்ததும் அடுத்த வேலை இதுதான்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் பெரும்பாலும் 6.5 கேட்பார்கள், ஸ்கோர் இரண்டு வருஷம் செல்லும். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஸ்பீக்கிங்கை நினைத்துத்தான் அஞ்சுகிறார்கள். தினமும் இரவு ஒரு தலைப்பை எடுத்து இரண்டு நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து, திருப்பிக் கேளுங்கள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் ஜெர்மன் ஏ2 என்ற இரண்டாவது நிலை வரையாவது படித்துவிட்டுப் போங்கள். வீட்டுக்காரரிடம் பேச, கடையில் வேலை கேட்க, ஆபீஸிலிருந்து வரும் கடிதத்தைப் படிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

படி 5: எஸ்ஓபி

எஸ்ஓபி என்பது இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுக்கும் கட்டுரை. நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் படி இதுதான். பார்த்துத் தரச் சொல்லி எனக்கு வருகிற எஸ்ஓபிகளில் பத்துக்கு எட்டு, 'சிறு வயதிலிருந்தே எனக்குப் பொறியியல் மீது தீராத ஆர்வம்' என்றே தொடங்குகின்றன. படிக்கிறவருக்கு அதில் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போன வருஷம் ராணிப்பேட்டைத் தம்பி ஒருவன் அனுப்பிய எஸ்ஓபியும் அப்படித்தான் இருந்தது. "ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்னப்பா செஞ்சே?" என்று கேட்டேன். "சிப்காட் பக்கம் நாலு கிணத்துத் தண்ணியில குரோமியம் பார்த்தோம்க்கா" என்றான். அதை ஏன் எழுதவில்லை என்றால், "நம்ம ஊர் தண்ணி கெட்டுப்போனதைப் போய் அவங்ககிட்ட எழுதுறதா?" என்று கூச்சப்படுகிறான். அதைத்தான் எழுத வேண்டும்! அந்த நாலு கிணறு எங்கே இருக்கிறது, எப்படி சாம்பிள் எடுத்தாய், லேபில் எந்த இடத்தில் தடுமாறினாய், இன்னும் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது? வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரும் பாலாறும்தான் அந்த வழக்கே. ஸ்டுட்கார்ட்டில் காற்று, திடக்கழிவு, கழிவுநீர் மூன்றுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரு மாஸ்டர்ஸ் இருக்கிறது. அப்படி ஒரு படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பாலாற்றங்கரையில் வளர்ந்தவனிடம் இருக்கும் காரணம் வேறு யாரிடம் இருக்கும்? தம்பி முதல் பத்தியைக் கிணற்றிலிருந்தே தொடங்கி மறுபடி எழுதினான்.

படி 6: விண்ணப்பம்

பல யுனிவர்சிட்டிகள், அவற்றுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு வழியாக வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ. சில இடங்களில் நேராக அவர்களுடைய தளத்திலேயே போடலாம். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 கடைசி என்று பல இடங்களில் பார்ப்பீர்கள். ஆனால் பிப்ரவரி, மார்ச்சிலேயே மூடிவிடும் படிப்புகளும் உண்டு. நோட்டில் தேதி வாரியாக எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

படி 7: பணம்

விசாவுக்கு முன் ஒரு வருஷச் செலவை பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு உள்ள கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். இது ஃபீஸ் இல்லை, உங்கள் பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும்.

எங்கள் அப்பா தறி நெய்தவர், சம்பளச் சீட்டு கிடையாது. வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கல்விக் கடன் வாங்கினோம். பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் தரும் திட்டம் இருக்கிறது. அதற்கு மேல் பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், வக்கீலின் லீகல் ஒப்பீனியன், இன்ஜினியர் மதிப்பீடு என்று கேட்பார்கள். பத்திரம் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதை மாற்றுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் இதையும் முன்னாலேயே பாருங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தகுதி இருப்பவர்கள் கடனுக்கு முன் இதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நம் மாவட்டங்களில் இது தெரியாமலேயே நிலத்தை அடமானம் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிக்கும்போது வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். அது சாப்பாட்டுக்கு உதவும். கடனையும் அதிலேயே அடைத்துவிடலாம் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

படி 8: விசா

கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டல் என்ற ஜெர்மன் அரசின் விசா இணையதளத்தில் காகிதங்களை ஏற்றி, சரி என்று பதில் வந்ததும் சென்னையில் விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையத்தில் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். கட்டணம் 75 யூரோ. அதிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் காட்பாடியிலோ வாலாஜா ரோடிலோ ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம். ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும்.

அட்மிஷன் லெட்டர் வந்த அன்றைக்கே ஸ்டூடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பின் விடுதிக்கும் பதிந்துவிடுங்கள், வரிசை நீளம். இணையத்தில் பார்த்த வீட்டுக்கு, நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

படி 9: போய் இறங்கிய முதல் இரண்டு வாரம்

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் அதற்கு அவசியம். பிறகு வங்கிக் கணக்கு, ஹெல்த் இன்ஷூரன்ஸ், யுனிவர்சிட்டிப் பதிவு. விசா முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு அப்பாயின்ட்மென்ட்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், சாவி வாங்கிய அன்றைக்கே ஒரு வேலை. ஏடிஎம் கார்டு, பின் நம்பர், இன்ஷூரன்ஸ் கார்டு, வரி எண் எல்லாம் அங்கே தபாலில்தான் வரும். தபால்காரர் வீட்டு நம்பரைப் பார்த்துப் போடுவதில்லை, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். நான் முதல் வாரத்தில் ஒரு வெள்ளைத் தாளில் அப்பா பெயரையும் என் பெயரையும், பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே, பெரிய எழுத்தில் எழுதி தபால் பெட்டியில் ஒட்டினேன். மூன்றாம் நாள் வங்கிக் கடிதம் வந்தது.