புளியமரத்தடியில் நின்ற பிக்கப்பை ரோட்டுக்குக் கொண்டு வருவது எப்படி

காங்கேயத்தில் இருந்து தாராபுரம் வரை, தோட்டத்துச் சாளைகளில் கட்டுத்தரைக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், எங்கேயாவது ஒரு பழைய மகிந்திரா ஜீப் பிக்கப், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் கோழி அடைகாத்தபடி, நிற்கும். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, தேங்காய் ஏற்றிய வண்டியும் பதினோரு வருஷம் அப்படித்தான் நின்றது. அதை எழுப்பும்போது நான் செய்த பெரிய தப்பு, முதலில் பெயின்ட் அடித்தது. பிறகு வண்டியின் அடிச்சட்டமான சேஸில் வெல்டிங் வைக்க வேண்டி வந்து புதுப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாய் எரிந்து போனது. மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, பிரேக்கே புடிக்காத வண்டிக்கு மாப்ள அலங்காரம் எதுக்குங்?" என்றார். அதனால் வரிசை இதுதான்: முதலில் வண்டி நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், அழகு எல்லாம் கடைசியில்.

அதற்கும் முன்னால் பேப்பர். ஆர்சி என்கிற பதிவுச் சான்று யார் பேரில் இருக்கிறது, வெள்ளை போர்டா மஞ்சள் போர்டா என்று பாருங்கள். வெள்ளை போர்டு, அதாவது சொந்த வண்டியாகப் பதிந்திருந்தால் 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். மஞ்சள் போர்டு சரக்கு வண்டி என்றால் இந்த வயதில் வருஷா வருஷம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று. 2021ல் வந்த விண்டேஜ் பதிவு விதி நமக்கு உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டிகளுக்கு மட்டும், அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. எண்பதுகளில் வாங்கி, இன்னும் மாட்டுத்தீவனம் ஏற்றப் போகிற வண்டிக்கு அது ஆகாது. சேஸ் நம்பர் குத்திய இடத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிடாதீர்கள், தடிமனாகப் பெயின்டும் பூசாதீர்கள், எஃப்சிக்குப் போனால் அந்த நம்பரைத்தான் பேப்பர் வைத்துப் பென்சிலில் தேய்த்து எடுக்கச் சொல்வார்கள்.

அடுத்தது சேஸ். சுத்தியலால் முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், அரித்த இடம் பொத்தென்று சொல்லும். நம் பக்கம் கடல் காற்று இல்லை, அதனால் துரு குறைவு என்று நினைத்தால் தொட்டிக்கு அடியில் ஏமாந்து போவீர்கள். பொட்டாஷும் யூரியாவும் சாணியும் ஏற்றிய வண்டி அது, உப்பு இடுக்கெல்லாம் இறங்கி இருக்கும். வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் டிரம், பழைய வண்டிகளில் ஒரே சர்க்யூட், அதாவது எங்காவது ஒரு ஹோஸ் பிய்ந்தால் மொத்த பிரேக்கும் போச்சு. வீல் சிலிண்டர், கப், ரப்பர் ஹோஸ், அரித்த பைப் எல்லாம் புதிது. டிரம்மை லேத்தில் கடையக் கொடுத்தால், அளவு மீறிக் கடைந்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள், கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் ஆயிலுக்குப் பதிலாக வேறு எந்த ஆயிலும் ஊற்றக்கூடாது, ஒரு தடவை ஊற்றினாலும் ரப்பர் எல்லாம் உப்பிவிடும். முதல் அப்கிரேடும் இங்கேயே: இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். முன்னால் போனாலும் பின்னால் பிடிக்கும். பிரேக்கை லேசாக மிதிக்க பூஸ்டர் வேண்டும் என்றால், டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டி போல உறிஞ்சும் காற்று கிடைக்காது, அதனால் பின்பக்கம் வாக்யூம் பம்ப் சேர்ந்து வரும் ஆல்டர்னேட்டரைப் போட வேண்டும். பழைய டைனமோவை மாற்றும்போது இதையும் சேர்த்து முடித்துவிட்டால் ஒரே செலவு.

இப்போது என்ஜின். நான் சொல்வது பெஜோ எக்ஸ்டிபி 4.90, 2112 சிசி, ஸ்டார்ட் ஆவதற்காக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் வைத்த டீசல். வருஷக்கணக்கில் நின்ற என்ஜினைப் பேட்டரி போட்டு உடனே சுற்றவிடுகிற ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் ஆயில், ஃபில்டர் மாற்றி, டேங்கைக் கழற்றி அடியில் இருக்கும் சேற்றை எல்லாம் கழுவி, புது டீசல் ஊற்றி, டீசல் லைனில் தங்கிய காற்றை வெளியேற்றி, அப்புறம் ஸ்டார்ட். அந்த நேரத்தில் ஏர் இன்டேக் பக்கத்தில் ஒருத்தர் தட்டையான பலகையோடு நிற்கட்டும். நெடுநாள் நின்ற டீசல் பம்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ஜின் தானாக வேகம் ஏறி நிற்காமல் கத்தும், சாவியைத் திருப்பினாலும் கேட்காது, காற்றை அடைத்தால்தான் அடங்கும். கையால் அடைக்காதீர்கள்.

புகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கறுப்பு என்றால் நாசில், பம்ப், ஏர் ஃபில்டர். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். சூடான என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகைவண்டி போலத் தள்ளுகிறதா, அப்போதுதான் பிஸ்டன், ரிங், லைனர் வேலை. அதற்கு முன் யார் சொன்னாலும் என்ஜினைப் பிரிக்காதீர்கள். "இதைத் தூக்கிப்போட்டு வேற என்ஜின் வச்சிரலாம்" என்கிற யோசனையும் கட்டாயம் வரும். எனக்கு அதில் சம்மதமில்லை. என்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், மவுண்ட், கியர்பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாம் தொடர்ந்து இழுக்கும், இந்த பெஜோவுக்குச் சாமான் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலேயே தேடினால் ஆப்டும்.

ரேடியேட்டருக்கு நம் ஊர்ப் போர்த்தண்ணீர் எமன். ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து வரும் உப்புத்தண்ணீரை ஊற்றி ஊற்றி டியூப் எல்லாம் அடைத்திருக்கும். மூடியைப் பிரித்து, ராடு விட்டுச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கலந்து ஊற்றுங்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்கத் தேனாக இருக்கலாம், ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம்.

வயரிங்கில் எலி கடித்ததை ஒட்டுப்போடாமல் முழுவதும் புதிதாக இழுத்துவிடுங்கள், ஃபியூஸ் பாக்ஸோடு. எர்த் வயரை மறக்காதீர்கள், பாதி மின்சாரக் கோளாறு அங்கேதான். வட்ட ஹெட்லைட்டுக்கு எச்4, 60/55 வாட் பல்பும் ரிலேயும் போட்டாலே ராத்திரியில் ரோடு தெரியும். எதிரில் வருகிறவன் கண்ணைப் பறிக்கிற பல்பு வேண்டாம்.

இவ்வளவு முடிந்ததும் ஒரு வெள்ளாமைக் காலம் ஓட்டுங்கள். சும்மா ஷோவுக்கு இல்லை, சோளத்தட்டு ஏற்றி, மண் தடத்தில். ஷேக்கிள் புஷ், டை ராடு எண்ட், ஸ்டியரிங் பிளே எது தேய்ந்திருக்கிறது என்று வண்டியே சொல்லும், அதன்படி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். டயரில் நாலு இலக்கத் தேதி இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன், அதாவது ரோட்டில் படும் மேல்பகுதி, நன்றாக இருந்தாலும் பத்து வருஷம் தாண்டியதைக் கழற்றிவிடுங்கள். ரேடியல் போடுவதானால் நாலுக்கும் ரேடியல். ஐந்து கியர் பாக்ஸ், பவர் ஸ்டியரிங் எல்லாம் அடுத்தடுத்த வருஷம், கையில் காசு இருந்தால். இவை இல்லாமலே நான் ஓட்டுகிறேன், சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் அறுபதுக்கு மேல் போவதில்லை, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

பெயின்ட்? இப்போது அடிக்கலாம். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் முன்னவர் பட்டி அப்பி மூடியிருக்கிறார், சுரண்டிப் புதுத் தகடு வையுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும், டேஷ்போர்டுக்கு உள்பக்கம் பழைய நிறம் மங்காமல் இருக்கும், அதையே கலக்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளை ஒழுங்காக வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் ஜிடி கார் மியூசியம் இருக்கிறது, ஒரு நாள் போய் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். நம் தொட்டிக்கு மட்டும் அந்தப் பளபளப்பு வேண்டாம், அடியில் ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு, மேலே வேப்பம்பலகை, உரம் ஏற்றிய அன்று பொழுதோடவே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள்.