நடைபவனிக்கு ஒரு தாகசாந்தி: சபைப் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

ஜூன் மாதத்து யாழ்ப்பாண வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் எறியும், தார் றோட்டில் செருப்பு ஒட்டும். அந்த வெயிலுக்குள்தான் பால்புதுமையினர், அதாவது திருநரும் தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களும், சுயமரியாதை நடைபவனி போகிறார்கள். 'நாங்களும் ஏதாவது செய்யலாமோ அன்ரி?' என்று எங்கள் தேவாலய வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். செய்யலாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தாகசாந்தி நிலையத்துக்கு வருகிறவரிடம் ஒருவரும் சமயமும் கேட்பதில்லை, சாதியும் கேட்பதில்லை. அதைப் போலவே இதையும் செய்யுங்கள்.

முதலில் ஏற்பாட்டாளர்களைக் கேளுங்கள். நடக்கிறவர்களில் பலர் மிகக் கொடுமையான சொற்களைப் பிரசங்க மேடையில் இருந்துதான் கேட்டிருக்கிறார்கள். தேவாலயத்து ஆட்களைக் கண்டாலே சிலருக்கு வயிறு கலங்கும். வேண்டாம் என்று சொன்னால் தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள். சரி என்றால், நடைபவனி போகிற வழியில் ஒரு வீட்டு வாசலில் மேசை போடுவதுதான் சுகம். றோட்டோரம் என்றால் மாநகர சபையையும் பொலிஸையும் கேட்க வேண்டிவரும். நிர்வாகக் குழு சம்மதிக்காமல் சபையின் பெயரைப் போடாதீர்கள். நாலு வீட்டார் சேர்ந்து செய்தால் போதும்.

தேசிக்காய்த் தண்ணிதான் என் தெரிவு. பத்து லீற்றருக்கு நாற்பது தேசிக்காய், ஒரு கிலோ சீனி, இரண்டு மேசைக்கரண்டி உப்பு. கிணற்றுத் தண்ணியை நம்பாதீர்கள்: எங்கள் பக்கத்து உவர் தேசிக்காயோடு சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது. வடிகட்டிய தண்ணியே எடுங்கள். சீனிப்பாகை முதல் நாள் இரவே காய்ச்சலாம், ஆனால் தேசிக்காயைக் காலையில்தான் பிழிய வேண்டும், அதுவும் விதை நசியாமல். இல்லாவிட்டால் கசக்கும். ஊறவைத்த கசகசா (திருநீற்றுப்பச்சை விதை) போட்டால் பிள்ளைகள் விரும்புவார்கள். சீனி வருத்தக்காரருக்கு மோர் தனியாக இருக்கட்டும். காகிதக் கப்புகளைச் சோளகம் ஒரு நொடியில் தூக்கிக்கொண்டு போய்விடும்; எவர்சில்வர் டம்ளர் என்றால் கழுவ இரண்டு வாளியும் ஒரு ஆளும் வேண்டும்.

தண்ணியைவிடப் பெரிய உதவி மலசலகூடம். திருநங்கை ஒருவர் பொது இடத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் யாராவது முறைப்பார்கள். வழியில் உங்கள் சபை மண்டபம் இருந்தால் திறந்துவிடுங்கள். ஆண், பெண் என்று எழுதிய பலகையை அன்றைக்குக் கழற்றி வையுங்கள், உள்ளே கொண்டி ஒழுங்காக விழுகிறதா என்று பாருங்கள். சவர்க்காரம், மூடியுள்ள குப்பைத் தொட்டி, ஒரு கண்ணாடி, சேலைக்குக் குத்த ஊசி, செருப்புக் கடிக்குப் பிளாஸ்ரர். இவ்வளவும் ஒரு தட்டில் கொள்ளும்.

இனி, வருகிறவர்களோடு கதைப்பது. எங்கள் ஊரில் அன்பாய்க் கேட்கிற முதல் கேள்வி என்ன? 'நீங்கள் எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?' அதை அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டாவது விழுங்க வேண்டும். வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர்கள் இருப்பார்கள். இரண்டாவது பதிலிலேயே உங்களுக்குச் சொந்தம் பிடிபட்டுவிடும், பின்னேரத்துக்குள் அது மானிப்பாய்க்கும் கரவெட்டிக்கும் போய்விடும். ஞாயிறு ஆராதனையில் உங்களுக்குப் பின்வரிசையில் இருக்கும் பிள்ளையே எதிரில் வந்து நின்றாலும், 'வாங்கோ, குடியுங்கோ' என்று டம்ளரை நீட்டுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். பிறகு அந்தப் பிள்ளையின் தாயைக் கண்டாலும் வாய் திறக்க வேண்டாம்.

தெரியாதவரைத் தம்பி, தங்கச்சி என்று நீங்களாக முடிவுகட்டாமல், இளையவர் என்றால் 'பிள்ளை' என்றும் மூத்தவர் என்றால் வெறும் 'வாங்கோ' என்றும் சொல்லுங்கள். வெளிநாடுகளில் சில கிறிஸ்தவர்கள் மன்னிப்புக் கேட்கும் பதாகையோடு நின்று கட்டிப்பிடிப்பார்களாம். இங்கே அது வேண்டாம். அறியாத ஆளைக் கட்டிப்பிடிப்பது எங்கள் பழக்கமும் இல்லை, வெயிலில் நடந்து வந்தவர் உங்கள் மனப்பாரத்தையும் சேர்த்துச் சுமக்கத் தேவையும் இல்லை. துண்டுப்பிரசுரம், வசன அட்டை எதுவும் மேசையில் இருக்கக்கூடாது. செபிக்கச் சொல்லி அவர்களாகக் கேட்டால் மட்டும் செபியுங்கள், அதுவும் சுருக்கமாக.

கைபேசிகளைப் பையில் போடுங்கள். தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் நெடுங்காலமாக இந்த நாட்டில் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அந்தத் தீர்ப்பால் மட்டும் பிரிவுகள் நீங்கிவிடவில்லை. முகநூலில் நீங்கள் போடும் ஒரு படம் ஒருவருடைய வேலையையோ வாடகை அறையையோ பறிக்கும். பெயர்ப் பதிவேடும் வைக்காதீர்கள். பாலின அங்கீகாரச் சான்றிதழ் 2016 முதல் கிடைக்கிறது என்றாலும் அடையாள அட்டையில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாக இருப்பவர்கள் இன்னும் உண்டு.

வேதப்புத்தகத்தோடு யாராவது சண்டைக்கு வந்தால், உங்களில் மிகக் குறைவாகப் பேசுகிற ஆளை முன்னுக்கு விடுங்கள். வந்தவருக்கும் ஒரு டம்ளர் கொடுக்கச் சொல்லுங்கள். குடிக்கும்போது ஒருவராலும் கத்த முடியாது.

முடிந்ததும் விழுந்த கப்புகளைப் பொறுக்கி, மிச்சத் தண்ணியை ஓட்டோக்காரருக்கும் காவலுக்கு நின்ற பொலிஸ்காரருக்கும் கொடுத்துவிடுங்கள். அடுத்த நாளைக்கு வைத்தால் கசந்துவிடும்.