கூகுள் லொகேஷன் பதிவு: ஒன்றை மட்டும் ஆஃப் செய்தால் போதாது

கடலூரில் பஸ் ஏறுகிற ஒரு போன், அரியாங்குப்பம் தாண்டிப் போய் கோரிமேடு ஜிப்மருக்குள் நான்கு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புகிறது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே பயணம். நடுவில் ஒரு ராத்திரி, 'கீமோ கொடுத்தால் முடி கொட்டுமா' என்று ஒரு தேடல். சொந்தக்காரர்களுக்குக்கூடச் சொல்லாத நோய் போனிலும் கூகுள் கணக்கிலும் பதிவாகிவிட்டது.

இந்தப் பதிவு இரண்டு இடத்தில் விழுகிறது, சிக்கலே அதுதான். ஒன்று மேப்ஸின் டைம்லைன், அதாவது போய்வந்த இடங்களின் பட்டியல். முன்பு இதன் பெயர் லொகேஷன் ஹிஸ்டரி. இன்னொன்று வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி, அதாவது கூகுளிலும் அதன் ஆப்களிலும் தேடியது, செய்தது எல்லாம் சேரும் பதிவு. முதலாவதை நிறுத்திய பிறகும் இரண்டாவதில் இடம் பதிவானதை 2018-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. அது தொடர்பாக 2022-ல் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர கூகுள் ஒப்புக்கொண்டது. நிறுத்தச் சொன்னவரிடம் பாதியை மட்டும் நிறுத்துவது நியாயமே இல்லை.

ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் கூகுள், மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட், டேட்டா அண்ட் பிரைவசி என்று போங்கள். வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டியில் 'டர்ன் ஆஃப்' தொட்டால் இரண்டு வழி காட்டும். 'டர்ன் ஆஃப் அண்ட் டெலிட் ஆக்டிவிட்டி' என்பதையே எடுங்கள். வெறும் டர்ன் ஆஃப் இனிமேல் வருவதைத்தான் நிறுத்தும், பழையது அப்படியே கிடக்கும். மேப்ஸில் பழைய தேடல்கள் வேண்டும் என்பவர்கள் ஆஃப் செய்யாமல் ஆட்டோ டெலிட்டில் 3 மாதம் வையுங்கள். 2020-க்குப் பின் தொடங்கிய கணக்குகளில் அது தானாகவே 18 மாதம் என்றிருக்கும்.

அடுத்து மேப்ஸைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, டைம்லைனுக்குள் போய் அதையும் ஆஃப் செய்து அழியுங்கள். அழித்தால் திரும்ப வராது.

பிறகு போனின் லொகேஷன் அனுமதியில் கூகுள் ஆப்புக்கு 'ஒன்லி வைல் யூசிங்' கொடுத்து, 'பிரிசைஸ் லொகேஷன்' எடுத்துவிடுங்கள். கூகுள் செட்டிங்ஸின் ஆட்ஸ் பகுதியில் அட்வர்டைசிங் ஐடியையும் (விளம்பரத்துக்காக உங்கள் போனை அடையாளம் காட்டும் எண்) நீக்குங்கள். சில போன்களில் இது பிரைவசிக்குள் இருக்கும்.

குரோமில் ஹிஸ்டரியை அழித்ததோடு பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போனில் இருப்பதை அழிக்கும். கணக்கில் சேர்ந்தது தனி. குரோமின் ரகசிய ஜன்னலான இன்காக்னிட்டோவும் அதே வீட்டில் போனை எடுத்துப் பார்ப்பவரிடமிருந்துதான் காக்கும். அந்த முறையில் உலாவியவர்களின் பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுளே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. உங்கள் இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரியை வைத்து எந்த ஊர்ப் பக்கம் என்பது எப்படியும் தெரியும். தெரு தெரியாமல் செய்வதே இங்கே சாத்தியம்.

எல்லாம் முடிந்ததும் 'சில்வர் பீச்' என்று தேடிவிட்டு, சில நிமிடம் கழித்து, கணக்கில் பதிவானதைக் காட்டும் மை ஆக்டிவிட்டி பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆஃப் செய்த பிறகும் அந்தத் தேடல் அங்கே இருந்தால், போனில் இரண்டாவது ஜிமெயில் இருக்கிறதா பாருங்கள். பிள்ளைக்காகத் தொடங்கிய கணக்காக இருக்கலாம். கணக்குக்குக் கணக்கு செட்டிங் தனி என்பதால், அதிலும் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.