உள்ளே இருந்த தடிமன்

நான் செய்த முதல் கிட்டாரின் ஒலி அடைத்தே வந்தது. ஸ்ப்ரூஸ் மரத்தாலான மேல்பலகையை 2.8 மில்லிமீட்டருக்குச் சரியாகத்தான் இழைத்திருந்தேன். கோளாறு உள்ளே இருந்தது. பலகை வளைந்துவிடுமோ என்ற பயத்தில் அதன் அடியில் ஒட்டிய எக்ஸ் வடிவத் தாங்குபட்டைகளை 18 மில்லிமீட்டர் உயரத்தில் விட்டிருந்தேன். பட்டையின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்காகும். உயரத்தை இரட்டித்தாலோ எட்டு மடங்கு!

தந்திகளைக் கழற்றி, ஒலித்துளைக்குள் கையை விட்டு, சிறு கண்ணாடியில் பார்த்தபடி விரலளவு இழைப்புளியால் உயரத்தை மட்டும் சீவினேன். நாலைந்து சீவலுக்கு ஒருமுறை, தந்திகள் பூட்டப்படும் கட்டையான பிரிட்ஜ் அருகே தட்டிக் கேட்டேன். 'டொக்' என்றது மெல்ல 'டொம்' என்று நீண்டது. 15 மில்லிமீட்டரில் நிறுத்தினேன்; பட்டைகளின் விறைப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருக்கும். பிரிட்ஜுக்கு நேர் கீழே, உட்புறம் ஒட்டிய அடித்தகட்டைத் தொடவில்லை. தந்திகளின் குண்டுமுனைகள் அதைத்தான் பற்றி நிற்கின்றன. அங்கே மெலிவு கூடாது.

மறுபடி தந்தி பூட்டித் தடித்த ஈ தந்தியை மீட்டியபோது அதிர்வு என் விலா வரை வந்தது.