வீட்டு நீச்சல் குளம்: எதை முதலில் போடுவது, எதை அப்புறம் போடுவது?

குளத்தருகே போனாலே குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது, குளித்து எழுந்தால் கண் எரிகிறது. உடனே "குளோரின் ஜாஸ்தியாகிவிட்டது, இரண்டு நாள் போட வேண்டாம்" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் நிலைமை நேர்மாறானது. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றில் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் கூடிக் குளோரமின் உண்டாகிறது. வாடையும் எரிச்சலும் அதனால்தான். அழுக்கோடு மல்லுக்கட்டியே குளோரின் தீர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் வேண்டும் என்று பொருள். ஆகவே மூக்கை நம்ப வேண்டாம். அளந்து பாருங்கள், வரிசை மாறாமல் மருந்து போடுங்கள்.

1. கொள்ளளவு தெரிய வேண்டும்

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1 மீட்டரும் மறுமுனையில் 1.5 மீட்டரும் ஆழம் என்றால் சராசரி 1.25, மொத்தம் 40,000 லிட்டர். வட்டக் குளத்துக்கு விட்டம் × விட்டம் × 0.785 × ஆழம் × 1,000. இந்த எண்ணைப் பம்ப் அறைச் சுவரிலேயே எழுதிவிடுங்கள். இனி எல்லா அளவும் இதை வைத்துத்தான்.

2. தண்ணீர் ஓட வேண்டும்

தேங்கி நிற்கும் தண்ணீரில் எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. வீட்டுக் குளத்துக்குப் பம்ப் தினமும் சுமார் 8 மணி நேரம் ஓடுவது நல்ல தொடக்கம். தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் சுவர்த் திறப்பு) வாயின் பாதியில் நிற்கட்டும்; கூடையில் சேரும் இலைகளை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். சுவரையும் படிகளையும் வாரம் ஒருமுறையாவது பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பாசி முதலில் பிடிப்பது தண்ணீர் ஓட்டம் குறைந்த மூலைகளில்தான்.

மணல் ஃபில்டர் என்றால், சுத்தமாக இருந்தபோது காட்டிய அழுத்தத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்தமானி காட்டும் அலகு) கூடியதும் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு மணலில் சேர்ந்த அழுக்கை வெளியேற்றுங்கள். வால்வைத் திருப்பும் முன் பம்பை நிறுத்துவது கட்டாயம்.

3. அளந்து பாருங்கள்

தண்ணீர் வந்து விழும் குழாய்க்கு அருகே மாதிரி எடுக்காதீர்கள். முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு எடுங்கள். சோதனைப் பட்டை சுலபம்தான், ஆனால் சொட்டு மருந்துப் பெட்டி இன்னும் நம்பகமானது. மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சோதனை மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். நமக்கு வேண்டியது கிருமியைக் கொல்லத் தயாராக மிச்சமிருக்கும் தனிக் குளோரின். அதற்கு இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி சோதனையை வாங்குங்கள்.

4. காரத்தன்மை, பிறகு பிஎச்

தொடங்குபவர்கள் பலர் நேராகப் பிஎச்சை (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) திருத்தப் போவார்கள். காலையில் திருத்தினால் மாலையில் மறுபடி எங்கேயோ போய் நிற்கும். அதைப் பிடித்து நிறுத்துவது மொத்தக் காரத்தன்மை. அது 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) வரை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சமையல் சோடா போதும், வேறு விலை உயர்ந்த பொடி எதுவும் வேண்டியதில்லை. 1,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். நம் 40,000 லிட்டர் குளத்துக்கு 680 கிராம்.

அது நிலைத்த பின் பிஎச்சை 7.2-க்கும் 7.8-க்கும் இடையே வையுங்கள். கூடினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், குறைந்தால் சோடா ஆஷ். அமிலத்தைக் கொஞ்சமாக ஊற்றி, பம்பை ஓடவிட்டு, சில மணி நேரம் கழித்து அளந்து, தேவைப்பட்டால் மீண்டும் ஊற்றுங்கள். பிஎச்சுக்கு ஏன் இத்தனை கவனம்? பிஎச் 7.5-இல் குளோரினில் சுமார் பாதி வீரியமுள்ள வடிவத்தில் இருக்கும். 8-க்குப் போனால் கால்வாசிகூடத் தேறாது. குளோரினுக்குச் செலவழித்த காசு வீண்தான்.

5. இப்போது குளோரின்

தனிக் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் இருக்கட்டும். 10 சதவீதத் திரவக் குளோரின் என்றால் 1,000 லிட்டருக்கு 10 மி.லி. ஊற்றினால் 1 பிபிஎம் கூடும். நம் குளத்துக்கு 400 மி.லி. சூரியன் சாய்ந்த பிறகு ஊற்றுவதே சிக்கனம், வெயில் குளோரினைச் சிதைத்துவிடும்.

அந்தச் சிதைவைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் போதும். அது சேர்ந்த குளத்தில் குளோரினை 2-க்குக் கீழே விடாதீர்கள். டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரையிலேயே சயனூரிக் அமிலம் கலந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் மாத்திரையே போட்டுவந்தால் அது ஏறிக்கொண்டே போய்க் குளோரினின் வேகத்தை மந்தமாக்கிவிடும். குறைக்க ஒரே நடைமுறை வழி, கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்புவது.

இதில் மட்டும் சலுகை கிடையாது

அமிலமும் குளோரினும் நேரடியாகச் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் (இன்னொரு வகைக் குளோரின் மருந்து) டிரைகுளோரும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம்; ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதை அள்ளக்கூடாது. வாளியில் கரைக்கும்போது முதலில் தண்ணீர், அப்புறம்தான் மருந்து. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பச்சையாகிவிட்டால்?

பிஎச்சை 7.2 பக்கம் இறக்கி, சுவரெல்லாம் தேய்த்து, மாலையில் 10 பிபிஎம் அளவுக்குக் குளோரின் ஊற்றுங்கள் (நம் குளத்துக்கு 4 லிட்டர்). பம்ப் இரவு பகலாக ஓடட்டும். பாசி செத்ததும் தண்ணீர் வெளுத்து மங்கலாகும்; பயப்பட வேண்டாம், ஃபில்டர் அதைப் பிடித்துவிடும், பேக்வாஷ் மட்டும் அடிக்கடி தேவைப்படும். குளோரின் இறங்கினால் மீண்டும் ஏற்றுங்கள். இரவில் அளந்ததற்கும் விடியற்காலையில் அளந்ததற்கும் 1 பிபிஎம்முக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் பாசி ஒழிந்தது. குளோரின் 4 பிபிஎம்முக்குக் கீழே வந்து, ஆழமான பக்கத்தில் தரை தெளிவாகத் தெரியும் வரை யாரையும் இறங்க விடாதீர்கள்.